வில்னா நகரத்து யூதப் பள்ளிகள்: பழைய கோப்புகளில் ஓர் ஆசிரியையைத் தேடுகிறேன்

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். தாய்மொழிவழிக் கல்வி பற்றி ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். ஓர் இயல் முழுக்க வில்னா. இன்றைக்கு லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸ். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் போலந்துக்காரர்களுக்கு வில்னோ. அங்கே குடியிருந்த யூதர்களுக்கு வில்னே. 1931 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் யூதர்கள் ஏறக்குறைய 55,000 பேர். நாலு பேரில் ஒருவருக்கும் மேல். அந்த ஊரில் பாலர் பள்ளி தொடங்கி ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வரை ஒரு பிள்ளை, அந்த யூதர்களின் வீட்டு மொழியான யித்திஷிலேயே படித்து மேலே வர முடிந்தது.

நான் மாட்டிக்கொண்டிருப்பது ஒரே ஒருத்தர் விஷயத்தில். கணக்கு ஆசிரியை. 1920களின் நடுவில் ஒரு யித்திஷ் பள்ளியின் ஆசிரியர் விவரத்தாளில் இருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் எங்கேயும் இல்லை. சில வருஷம் கழித்து அதே பள்ளியின் போலிஷ் மொழிப் பட்டியலில், அதே முதல் பெயர், அதே பாடம், ஆனால் வேறு குடும்பப் பெயர். இருவரும் ஒருவரே என்று மனசு சொல்கிறது. ஆனால் பிறந்த தேதி உதைக்கிறது. ஒன்றில் 1898 மே 3, இன்னொன்றில் மே 15. வருஷமும் ஊரும் ஒன்று, தேதி மட்டும் வேறு. தனிப்பட்ட ஒருவரின் பெயர் என்பதால் இங்கே எழுதவில்லை.

இந்த மாதிரிக் கோப்புகளில் வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழந்தாள்:

வாங்கம்மா. நல்ல இடத்தில்தான் கைவைத்திருக்கிறீர்கள். உங்கள் ஆசிரியைக்குப் போவதற்கு முன், அந்தக் காகிதங்கள் ஏன் அப்படிக் கலைந்து கிடக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் தேடினால் வருஷக்கணக்கில் அலைய வேண்டும்.

ஒரே ஊர், எத்தனை ஆட்சி என்று எண்ணிப் பாருங்கள். 1915 வரை ஜார் மன்னரின் ரஷ்யா. அந்த வருஷம் ஜெர்மானியப் படை வந்தது. யித்திஷ் பள்ளிகள் வெளிப்படையாக நடக்க வழி பிறந்தது அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில்தான். 1918க்கும் 1920க்கும் நடுவில் லிதுவேனியர், சோவியத்துகள், போலந்துக்காரர் என்று ஊர் பல தடவை கைமாறியது. 1920 அக்டோபரில் ஜெலிகோவ்ஸ்கி என்ற தளபதி பிடித்தார். 1922 வரை 'மத்திய லிதுவேனியா' என்று ஒரு தனி நாடுபோல இருந்து, பிறகு போலந்தோடு சேர்ந்தது. 1939 செப்டம்பரில் சோவியத் படை, அக்டோபரில் லிதுவேனியா, 1940 ஜூனில் மறுபடி சோவியத், 1941 ஜூனில் நாஜி ஜெர்மனி. முப்பது வருஷம் ஒரே வகுப்பில் பாடம் நடத்திய ஒரு டீச்சரின் பணி விவரம் ரஷ்யம், ஜெர்மன், யித்திஷ், போலிஷ், லிதுவேனியம் என்று ஐந்து மொழியில் சிதறிக் கிடக்க முடியும்.

இதற்கு மேல் பள்ளிகளுக்குள்ளேயே பிரிவுகள். யித்திஷ் மதச்சார்பற்ற பள்ளிகளை வில்னாவில் 1919இல் உருவான மையக் கல்விக் குழு நடத்தியது. 1921இல் வார்சாவில் தொடங்கிய 'த்சிஷோ' என்ற நாடளாவிய அமைப்போடு அது சேர்ந்து இயங்கியது. ஹீப்ரு மொழிப் பள்ளிகள் 'தர்புத்' அமைப்புக்குக் கீழே. பின்னாளில் கெட்டோவில் (நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த பகுதி) எதிர்ப்பு இயக்கத்தின் தலைவரான கவிஞர் ஆபா கோவ்னர் அங்கே படித்தவர். சமயப் பள்ளிகள் தனி. யூதப் பிள்ளைகளுக்கென்று போலந்து அரசே நடத்திய பள்ளிகளும் உண்டு. ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமை விடுமுறை என்பதால் அவற்றை 'ஷபசூவ்கா' என்பார்கள். போலந்து முழுக்கப் பார்த்தால் பெரும்பாலான யூதப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குத்தான் போனார்கள். சமூகம் நடத்திய பள்ளிகளுக்கு இவ்வளவு பிள்ளைகளை அனுப்பியதில்தான் வில்னா தனித்து நிற்கிறது.

ஆகையால் ஒரே ஆசிரியரின் சுவடு இரண்டு வகைக் காகிதத்தில் இருக்கும். ஒன்று, பள்ளியும் அதன் குழுவும் யித்திஷிலோ ஹீப்ருவிலோ எழுதி வைத்தவை: ஆசிரியர் கூட்டக் குறிப்பு, சம்பளப் பட்டியல், மாணவர் பதிவேடு. இன்னொன்று, போலந்தின் வில்னா கல்வி மாவட்டக் கண்காணிப்பு அலுவலகம் போலிஷில் வைத்திருந்த கோப்பு: தகுதிச் சான்று, ஆய்வாளர் அறிக்கை, வேலைக்கான அனுமதி. முதல் வகை, யித்திஷ் ஆய்வுக்கான யிவோ நிறுவனத்தின் தொகுப்பில். இரண்டாவது லிதுவேனிய மத்திய அரசு ஆவணக் காப்பகத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதவரை ஆள் முழுசாகக் கிடைக்க மாட்டார்.

தேதி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதில் ஒரு சந்தோஷமான செய்தி இருக்கிறது.

தமிழ்த்தறி:

ஒரு குறுக்குக் கேள்வி, மன்னிக்கவும். இயற்பியல், வேதியியலும் யித்திஷில்தானா? வீட்டிலும் சந்தையிலும் பேசுகிற மொழி என்றுதானே அதைச் சொல்வார்கள்? கலைச்சொல்லுக்கு என்ன செய்தார்கள்?

வைகைக்கரை:

ஆமாம், எல்லாப் பாடமும். இந்த ஆய்வுக்குள் என்னை இழுத்ததே அதுதான். 1918இல் தொடங்கிய வில்னா ரியல் கிம்னாசியம் இதற்குப் பெரிய சான்று. உயர்நிலைப் பள்ளி அளவில் அறிவியலை யித்திஷில் நடத்திக் காட்டியது. சோஃபியா குரெவிச் என்ற கல்வியாளர் நிறுவிய பள்ளி முதலில் ரஷ்ய மொழியில் நடந்து, பிறகு யித்திஷுக்கு மாறியது.

கலைச்சொற்களை வகுப்புக்குள்ளேயே தேடித் தேடிச் சேர்த்தார்கள். ஆக்சிஜனுக்கு 'ஸோயெர்ஷ்டாஃப்', ஹைட்ரஜனுக்கு 'வாசெர்ஷ்டாஃப்'. இவை ஜெர்மன் வழியில் வந்தவை. முக்கோணத்துக்கு 'ட்ரைஎக்'. 'ட்ரை' என்றால் மூன்று, 'எக்' என்றால் மூலை. இதை முதல் தடவை படித்தபோது கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவே முடியவில்லை எனக்கு. மூன்று மூலை, மூன்று கோணம். நாம் செய்ததும் அதேதான்.

ஆனால் இதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1919இல் கையெழுத்தான சிறுபான்மையினர் ஒப்பந்தப்படி தாய்மொழிக் கல்விக்குப் போலந்து அரசு பணம் தர வேண்டும். யித்திஷ், ஹீப்ரு பள்ளிகளுக்கு வந்தது மிகச் சொற்பம். தனியார் பள்ளிக்கு அரசு உரிமை இல்லாவிட்டால் அதன் இறுதித் தேர்வுச் சான்று பல்கலைக்கழக வாசலில் செல்லாது. பிள்ளைகள் அரசுத் தேர்வாளர் முன்னால் தனியாகத் தேர்வு எழுத வேண்டும். யித்திஷ் ஆசிரியர்களை உருவாக்கிய பயிற்சிப் பள்ளி 1921இல் தொடங்கியது. பத்தே வருஷம். 1931இல் அரசு மூடிவிட்டது. என் ஆசிரியை போன்றவர்கள் இந்தச் சூழ்நிலையில்தான் தினமும் கரும்பலகை முன்னால் நின்றார்கள்.

கண்ணம்மா டீச்சர்:

நான் முப்பத்திநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். கடைசி ஒன்பது வருஷம் தலைமையாசிரியை. யித்திஷும் தெரியாது, போலிஷும் தெரியாது. ஆனால் நீங்கள் முன்னொரு இழையில் போட்டிருந்த சம்பளப் பட்டியலின் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதைப் படிக்க எனக்கு மொழி தேவைப்படவில்லை.

முதல் கட்டம் வரிசை எண். அடுத்தது பெயர். மூன்றாவது வாரத்துக்கு எத்தனை பாடவேளை. அதற்கப்புறம் தொகை, பிடித்தம், கையில் கொடுத்தது. கடைசியில் கையெழுத்து. உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்து பே பில்லும் இப்படித்தான் இருக்கும்.

பாடவேளைக் கட்டத்தைப் பாருங்கள். ஒரு சிலருக்கு 28, 30 இருக்கிறது. வேறு சிலருக்கு 6, 8. குறைந்த பாடவேளை உள்ளவர்கள் இன்னொரு பள்ளியிலும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஒரு பள்ளியின் பட்டியலில் மட்டும் தேடினால் அவர்கள் பாதி ஆள்தான். பக்கத்துப் பள்ளியின் அதே மாதப் பட்டியலையும் எடுங்கள்.

கையெழுத்துக் கட்டத்தில் காலி இடம் இருந்தால் ஆள் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் ஆரம்ப காலத்தில் நான் வேலை பார்த்த ஒரு நிர்வாகப் பள்ளியில் மூன்று மாதம் சம்பளம் வராமல், அப்புறம் ஒரே நாளில் மூன்று பட்டியலிலும் கையெழுத்து வாங்கினார்கள். ஒரே பேனா, ஒரே மை, ஒரே அவசரம். உங்கள் ஸ்கேனிலும் அடுத்தடுத்த இரண்டு மாதத்தில் மை ஒரே மாதிரி இருக்கிறது. கவனித்தீர்களா?

வைகைக்கரை:

டீச்சர், கவனிக்கவே இல்லை. இந்தப் பள்ளிகளில் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி இருந்தது என்று படித்திருக்கிறேன், 1930களின் நெருக்கடியில் அது இன்னும் மோசமானது என்றும் படித்திருக்கிறேன். ஆனால் தாளின் முகத்தில் அதைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. ரொம்ப நன்றி.

நிலவன்:

எல்லாம் சரி. ஆனால் சம்பளப் பட்டியலுக்கு இத்தனை முக்கியத்துவம் தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டியலில் மனிதர் இல்லை, எண்தான் இருக்கிறது. இதே யிவோ தொகுப்பில் இளைஞர்கள் எழுதிய தன்வரலாறுகள் இருக்கின்றனவே! 1932, 1934, 1939 என்று மூன்று தடவை போட்டி வைத்து, போலந்து முழுவதிலிருந்தும் 600க்கும் மேல் வாங்கினார்கள். பெயரை மறைத்து எழுதலாம், அழகாக எழுத வேண்டியதில்லை, உண்மையாக எழுது என்பதுதான் நிபந்தனை. மாக்ஸ் வைன்ரைக் முன்னின்று நடத்திய வேலை. வில்னாவின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் சொன்னவர் அவர். 1931 நவம்பரில் யூதர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் கண்ணில் காயம்பட்டவர்.

2017இல் லிதுவேனிய தேசிய நூலகத்தில் கண்டெடுத்ததாக அறிவித்த காகிதங்களில், பேபா எப்ஸ்டைன் என்ற சிறுமி ஐந்தாம் வகுப்பில் எழுதிய தன்வரலாறு ஒன்றும் இருந்தது. பள்ளி, வீடு, தோழிகள் என்று ஒரு குழந்தை சொல்கிற உலகம். ஓர் ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், கணக்கரிடம் கேட்காதீர்கள்.

பழந்தாள்:

நிலவன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகளின் எழுத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் எழுதிய பிள்ளை யாரை நினைவில் வைத்திருந்ததோ அந்த ஆசிரியர் மட்டுமே அதில் வாழ்வார். யாருக்கும் குறிப்பாக நினைவில் நிற்காத, நல்லபடியாகத் தன் வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போன ஆசிரியர்களே எங்கேயும் அதிகம். சம்பளப் பட்டியல் யாரையும் விடாது. அதனால்தான் நான் அதன் பக்கம்.

பள்ளியின் சம்பளப் பட்டியலும் பிள்ளைகளின் எழுத்தும் நம் கைக்கு வந்த வழி ஒன்றுதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

யிவோ 1925இல் வில்னாவை மையமாகக் கொண்டு தொடங்கியது. பள்ளிகள், ஆசிரியர் குழுக்கள், நாடகக் குழுக்கள் எல்லாரிடமிருந்தும் காகிதம் சேர்த்தார்கள். நாஜிகள் வந்ததும், நாஜித் தலைவர் ரோசென்பெர்க் பெயரில் இயங்கிய கொள்ளைப் பிரிவு யிவோ கட்டடத்தையே தரம்பிரிக்கும் கூடமாக்கியது. கெட்டோவிலிருந்து படித்த யூதர்களைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். ஏறக்குறைய 30 சதவீதத்தை ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டும், மிச்சம் எல்லாம் காகித ஆலைக்கு. தங்கள் கையாலேயே தங்கள் நூலகத்தைக் கூழாக்கும் வேலை.

அந்தக் குழுவுக்குக் 'காகிதப் படை' என்று பெயர் வந்தது. ஹெர்மன் க்ருக், ஸெலிக் கால்மனோவிட்ச், கவிஞர்கள் ஆப்ரஹாம் சுட்ஸ்கெவரும் ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கியும் அதில் முக்கியமானவர்கள். சாயங்காலம் கெட்டோவுக்குத் திரும்பும்போது உடைக்குள் தாள்களைச் செருகிக்கொண்டு காவல் வாசலைத் தாண்டினார்கள். அதே வாசலில் உருளைக்கிழங்கோ ரொட்டியோ கொண்டுபோய்ப் பிடிபட்டாலே அடி உதை, உயிருக்கும் ஆபத்து. பசித்த குடும்பம் உள்ளே காத்திருக்க, அந்த இடத்தில் இவர்கள் காகிதத்தை வைத்தார்கள். க்ருக்கும் கால்மனோவிட்சும் எஸ்தோனிய முகாம்களில் இறந்தார்கள். கவிஞர்கள் இருவரும் காட்டுக்குத் தப்பி, 1944 ஜூலையில் ஊர் விடுபட்டதும் வந்து, புதைத்து வைத்திருந்த தாள்களைத் தோண்டி எடுத்தார்கள்.

ஜெர்மனிக்குப் போன பங்கு ஆஃபென்பாக் கிடங்கு வழியாக 1947இல் நியூயார்க் யிவோவுக்குப் போய்ச் சேர்ந்தது. வில்னாவில் தோண்டி எடுத்த பங்கோ, அதை வைத்திருந்த யூத அருங்காட்சியகத்தை சோவியத் அரசு 1949இல் மூடியபோது மறுபடி அழிவின் விளிம்புக்கு வந்தது. அந்தானாஸ் உல்பிஸ் என்ற லிதுவேனிய நூலகர் அதைப் பழைய தேவாலயம் ஒன்றில் மறைத்து வைத்தார். யூதர் அல்லர், கட்டளையும் இல்லை. சோவியத் ஆட்சி தளர்ந்த 1980களின் முடிவில்தான் வெளியே தெரிந்தது. ஒரே பள்ளியின் கூட்டக் குறிப்பில் ஒரு வருஷம் நியூயார்க்கிலும் அடுத்த வருஷம் வில்னியஸிலும் கிடப்பது இப்படித்தான். 2015இல் தொடங்கி 2022 ஜனவரியில் முடிந்த இணையத் திட்டம் இரண்டு பங்கையும் திரையில் ஒன்றாக்கியது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். நாம் மதுரையிலும் மட்டக்களப்பிலும் உட்கார்ந்து இப்போது வாதம் செய்ய முடிவது அதனால்தான்.

தமிழ்த்தறி:

ஐயா, உருளைக்கிழங்கு வரியோடு நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். இப்போதுதான் மீதியைப் படித்தேன்.

நிலவன்:

இதைப் படித்ததும் மிரா பெர்ன்ஸ்டைன் நினைவுக்கு வருகிறார். ரியல் கிம்னாசியத்தைச் சேர்ந்த ஆசிரியை. கெட்டோவுக்குள் போனதும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தவர். சுட்ஸ்கெவர் அவர்மேல் 1943இல் எழுதிய கவிதையில் பிள்ளைகளின் எண்ணிக்கை பத்திக்குப் பத்தி குறைந்துகொண்டே வரும். அதுவும் ஒரு வருகைப் பதிவேடுதான்.

அவர் பாடம் நடத்திய பள்ளி இருந்த ருட்னிட்ஸ்கா தெருக் கட்டடம் கெட்டோ நிர்வாகத்தின் அலுவலகமாயிற்று. 1943 செப்டம்பரில் கெட்டோவையே கலைத்தார்கள். ஊருக்கு வெளியே பொனாரி காட்டில் சுட்டுக் கொன்ற பல்லாயிரம் பேரில் இந்த ஆசிரியர்களும் பிள்ளைகளும் எத்தனை பேர்! நாம் எந்தப் பட்டியலை எடுத்தாலும் கடைசியில் அந்தக் காட்டில் போய்த்தானே நிற்க வேண்டியிருக்கிறது?

வைகைக்கரை:

நிலவன் அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. எனக்கும் பல இரவு தூக்கம் போயிருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு இடத்தில் உங்களோடு நிற்க மாட்டேன்.

1927ஆம் வருஷத்து ஆசிரியர் கூட்டக் குறிப்பில் அவர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் தெரியுமா? ஏழாம் வகுப்பில் வீட்டுப்பாடம் அதிகமா, மதிப்பெண் போடலாமா கூடாதா, விறகு வாங்கக் காசு எங்கே, ஒரு பையன் மூன்று நாளாக வரவில்லை, யார் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. அவர்கள் யாருக்கும் 1941 தெரியாது. தெரிந்துகொண்டு படிக்கும் நாம், அந்த விறகுக் கணக்கைத் தாண்டித் தாண்டிப் போய்விடுகிறோம். எப்படிச் செத்தார்கள் என்பதை உலகம் ஓரளவு எழுதிவிட்டது. எப்படி வேலை பார்த்தார்கள் என்பது இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. என் ஆசிரியையை நான் தேடுவது அவர் முக்கோணத்தை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று தெரிந்துகொள்ள. அவருடைய முடிவு என்னவென்றும் எழுதத்தான் போகிறேன். அது அதன் இடத்தில், கடைசியில் வரட்டும்.

நிலவன்:

ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. விறகுக் கணக்கை நான் தாண்டித்தான் போனேன். திரும்பப் போய்ப் படிக்கிறேன்.

பழந்தாள்:

இப்போது தேதிக்கு வருவோம்.

முதலில் பெயர். உங்கள் போலிஷ் பட்டியலில் குடும்பப் பெயர் 'ஓவா' என்று முடிகிறதா என்று பாருங்கள். அந்தக் காலப் போலிஷ் வழக்கில் பல குடும்பப் பெயர்களுக்கு, மனைவி என்றால் 'ஓவா', மணமாகாத மகள் என்றால் 'உவ்னா' என்ற ஈறு வரும். குர்விச் வீட்டு மருமகள் குர்விச்சோவா, மகள் குர்விச்சுவ்னா. முதலில் 'உவ்னா'வாக இருந்தவர் கல்யாணமானதும் கணவர் குடும்பப் பெயரோடு 'ஓவா'வாக வருவார். பெயர் மாறியதற்கு அது ஒன்றே போதும். யித்திஷ் தாளில் இந்த ஈறு பெரும்பாலும் இருக்காது, வெறும் குடும்பப் பெயர்தான். அங்கே அப்பா பெயரையும் பிறந்த ஊரையும் வைத்துப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது தேதி. 1898இல் அந்த ஊர் ரஷ்யப் பேரரசில் இருந்தது. ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியில். 19ஆம் நூற்றாண்டில் பிறந்தவர்களுக்கு நம் நாள்காட்டியோடு 12 நாள் வித்தியாசம். 20ஆம் நூற்றாண்டில் என்றால் 13. மே 3உடன் 12ஐக் கூட்டுங்கள்.

வைகைக்கரை:

ஐயா!!

மே 15.

ஆறு மாதமாக இந்த ஒரு தேதியால்தான் இரண்டு பேரையும் இரண்டு அட்டையில் பிரித்து வைத்திருந்தேன். இப்போதே எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கண்ணம்மா டீச்சர்:

போய்ப் பாரும்மா. பாடவேளையையும் பார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று.

வைகைக்கரை:

பார்த்துவிட்டேன். இரவு இரண்டு மணி ஆகிவிட்டது.

முதல் தாள் யித்திஷ் விவரத்தாள். ரஷ்யப் பள்ளிச் சான்றைப் பார்த்து அவரே பூர்த்தி செய்தது, அதனால் பழைய தேதி. இரண்டாவது, அரசு அலுவலகத்துக்குப் போன போலிஷ் பட்டியல். குடும்பப் பெயர் 'ஓவா' என்றுதான் முடிகிறது. அப்பா பெயர் இரண்டிலும் ஒன்று. யித்திஷில் 'மொய்ஷே', போலிஷில் 'மோவ்ஷா' என்று எழுதியிருப்பதால் இதையும் நான் வேறு வேறு என்று நினைத்திருந்தேன். ஒரே ஆள்தான். இரண்டு அட்டையையும் ஒன்றாக்கி நூல் கட்டிவிட்டேன்.

டீச்சர், பாடவேளை முன்பு 24, பிறகு 18. பக்கத்துப் பள்ளியின் அதே மாதப் பட்டியலை எடுத்தேன். அங்கே 8 இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே.

இன்னொன்று. புதுப் பெயர் வந்த பிறகு பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் கையெழுத்துக் கட்டம் காலி. ஏப்ரல் பட்டியலின் ஓரத்தில் மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து. கணவர் குடும்பப் பெயரை எழுதத் தொடங்கி, முதல் இரண்டு எழுத்துக்குப் பிறகு நிறுத்தி, அடித்துவிட்டு, பழைய பெயரிலேயே போட்டிருக்கிறார்.